ஸ்வாப் பார்ட்டிஷன் இருந்தும் சுழியம் என்றே காட்டுகிறது: எங்கே பார்ப்பது, எப்படி இயக்குவது?

மின்மினி27 (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் மடிக்கணினியில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி என்விஎம்இ வட்டும் உள்ளன. ஓராண்டுக்கு முன் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை நிறுவியபோது, பின்னாளில் ஹைபர்னேட் செய்யவும் (ரேமில் உள்ளதை வட்டில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கவும்) உதவும் என்று எண்ணி 8 ஜிபி அளவில் ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேமில் இடம் போதாதபோது கைகொடுக்கும் வட்டுப் பகுதி) ஒன்றைத் தனியே ஒதுக்கினேன். அதன் பிறகு அதைப் பற்றி நினைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

சென்ற வாரம் வட்டில் மீதமிருந்த இடத்தில் இன்னொரு வழங்கலையும் நிறுவினேன். அன்றிலிருந்து டெபியனில் இரண்டு தொல்லைகள். கணினி துவங்கும்போது ஏதோ ஒரு வட்டுச் சாதனத்துக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி தோன்றி, ஒன்றரை நிமிடம் வரை நொடிகளை எண்ணிய பிறகே நுழைவுத்திரை வருகிறது. நுழைந்த பிறகு, உலாவியில் முப்பது நாற்பது தாவல்களும் ஒரு மெய்நிகர் கணினியும் திறந்திருந்தால், முன்பு சற்றே மந்தமாகி மீண்டுவந்த கணினி இப்போது அப்படியே உறைந்துவிடுகிறது. சில நேரம் உலாவி தானாகவே மூடிக்கொள்கிறது.

'ஃப்ரீ -எச்' கட்டளையைக் கொடுத்தால் ஸ்வாப் வரியில் மூன்று இடங்களிலும் சுழியம். ஆனால் பார்ட்டிஷன் பட்டியலில் அந்த 8 ஜிபி அப்படியே இருக்கிறது. வியப்பு என்னவென்றால், புதிய வழங்கலுக்குள் போனால் அதே பார்ட்டிஷன் ஒழுங்காக வேலை செய்கிறது. பார்ட்டிஷனை அழித்துவிட்டு மீண்டும் உருவாக்கிவிடலாமா?

---

முனையவாசி

எதையும் அழிக்க வேண்டாம். நீங்கள் சொன்ன கடைசிச் செய்தியிலேயே பாதி விடை இருக்கிறது: ஒரு வழங்கலில் வேலை செய்கிறது என்றால் பார்ட்டிஷன் நலமாகத்தான் உள்ளது, மற்ற வழங்கலுக்கு அதன் முகவரி தெரியவில்லை, அவ்வளவுதான்.

(இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தே எழுதுகிறேன்; முனையத்தில் அவற்றுக்குரிய வழக்கமான எழுத்துகளிலேயே தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.)

ஸ்வாப் 'இருக்கிறது' என்று நாம் சொல்லும்போது மூன்று தனித்தனிச் செய்திகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். வட்டின் பார்ட்டிஷன் அட்டவணையில் ஒரு துண்டுக்கு 'லினக்ஸ் ஸ்வாப்' என்று வகை குறித்திருப்பது ஒன்று. அந்தத் துண்டின் உள்ளே 'எம்கேஸ்வாப்' கட்டளை எழுதிவைக்கும் தலைப்பும் முத்திரையும் இன்னொன்று. 4096 பைட் கொண்ட முதல் பக்கத்தின் கடைசிப் பத்து பைட்டுகளில் 'ஸ்வாப்ஸ்பேஸ்2' என்ற எழுத்துகள் இருந்தால்தான் லினக்ஸின் மையமான கர்னல் அதை ஸ்வாப் என்று ஒப்புக்கொள்ளும். மூன்றாவது, 'ஸ்வாப்ஆன்' என்ற கட்டளை வழியாக அந்த இடத்தைக் கர்னலிடம் ஒப்படைப்பது. இந்த மூன்றாவது செயல் கணினியை அணைத்தவுடன் மறந்துபோகும் என்பதால், ஒவ்வொரு துவக்கத்திலும் அதைத் திரும்பச் செய்யும்படி '/ஈடிசி/எஃப்எஸ்டேப்' கோப்பில் ஒரு வரி எழுதிவைக்கிறோம். உங்களுக்கு முதல் இரண்டும் சரியாக உள்ளன, மூன்றாவதுதான் நடக்கவில்லை என்பது என் ஊகம்.

பின்வருவனவற்றை டெபியனுக்குள் இருந்து செய்து, வந்ததை இங்கே எழுதுங்கள். 'ஸ்வாப்ஆன் --ஷோ' கொடுங்கள். இயங்கும் ஸ்வாப் எதுவும் இல்லாவிட்டால் இந்தக் கட்டளை ஒரு சொல்கூடச் சொல்லாமல் திரும்பிவிடும்; பலர் அதைக் கட்டளை வேலை செய்யவில்லை என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பிறகு 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' கொடுத்து, ஸ்வாப் என்று வகை காட்டும் வரியின் யூயூஐடியை, அதாவது அதன் தனி அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். இறுதியாக எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து அங்குள்ள ஸ்வாப் வரியில் என்ன யூயூஐடி இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். இவை எதுவும் எதையும் மாற்றாதவை, அச்சமின்றிச் செய்யலாம்.

---

பழுப்புத்தாள்

8 ஜிபி ரேம் வைத்துக்கொண்டு ஸ்வாப்புக்காக இவ்வளவு பாடு தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. ரேமே 512 எம்பி இருந்த காலத்தில் 'ரேமைப்போல் இரு மடங்கு ஸ்வாப்' என்றார்கள். அந்தக் காலம் போய்விட்டது. எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் முன்னால் ஒரு # இட்டுவிடுங்கள், ஒன்றரை நிமிடக் காத்திருப்பு போய்விடும். எஸ்எஸ்டியும் தேயாமல் இருக்கும்.

---

மின்மினி27

முனையவாசி ஐயா சொன்னபடியே பார்த்தேன்.

'ஸ்வாப்ஆன் --ஷோ' உண்மையிலேயே எதுவும் காட்டவில்லை. 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' பட்டியலில் என்விஎம்இ0என்1பி3 என்ற மூன்றாம் பார்ட்டிஷனுக்கு ஸ்வாப் என்று வகை போட்டிருக்கிறது. அதன் யூயூஐடி 7 என்ற எண்ணில் தொடங்குகிறது. எஃப்எஸ்டேப்பில் இருக்கும் ஸ்வாப் வரியின் யூயூஐடியோ 2 என்ற எண்ணில் தொடங்குகிறது. இரண்டுக்கும் ஓர் இலக்கம்கூடப் பொருந்தவில்லை. 'சூடோ ஸ்வாப்ஆன் -ஏ' என்பதையும் நானாகக் கொடுத்துப் பார்த்தேன். அந்த யூயூஐடி கொண்ட சாதனத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்கிறது.

பழுப்புத்தாள் அவர்கள் சொன்னதையும் படித்தேன். வரியை நீக்கினால் காத்திருப்பு போகும் என்பது புரிகிறது. ஆனால் கணினி உறைந்துபோவதற்கு அது மருந்தாகுமா?

---

இரவுக்காவல்

ஆகாது. பழுப்புத்தாள் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்ளலாம், மறுபாதியை ஏற்க இயலாது. இரு மடங்கு என்ற விதி காலாவதியானது என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து ஸ்வாப்பே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவுவதுதான் சிக்கல்.

ரேமில் இருக்கும் பக்கங்கள், அதாவது கர்னல் கையாளும் நினைவகத் துண்டுகள், பெரும்பாலும் இரு வகை. நிரல்களின் குறிமுறை, நீங்கள் திறந்த கோப்புகள் போன்றவை வட்டில் ஏற்கனவே ஒரு படியாக இருப்பவை. இடம் போதாதபோது கர்னல் அவற்றைத் தயங்காமல் ரேமிலிருந்து விட்டுவிடலாம், தேவைப்பட்டால் மறுபடி வட்டிலிருந்து படித்துக்கொள்ளலாம். நிரல்கள் இயங்கும்போது தாமாகக் கேட்டு வாங்கிய நினைவகம் இரண்டாவது வகை; உலாவியின் ஒரு தாவலில் நீங்கள் பாதி நிரப்பிய படிவம் எந்தக் கோப்பிலும் இல்லை. இந்த இரண்டாம் வகைக்கு வட்டில் இருக்கும் ஒரே புகலிடம் ஸ்வாப்தான். அது இல்லாவிட்டால், காலையில் திறந்து இரவு வரை தொடாத தாவலின் பக்கங்கள்கூட ரேமிலேயே குந்தியிருக்கும். அவற்றை அசைக்க முடியாத கர்னல், நீங்கள் இந்த நொடியில் ஓட்டிக்கொண்டிருக்கும் நிரலின் குறிமுறைப் பக்கங்களை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த கணமே அவற்றை வட்டிலிருந்து திரும்பப் படிக்கும். மின்மினி சொல்லும் உறைதல் இதுதான். வட்டின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சுட்டியின் அம்புக்குறி நகராது. ஸ்வாப் இல்லாவிட்டால் வட்டுக்கு வேலை குறையும் என்று நினைக்கிறோம், நெருக்கடியில் நடப்பது நேர்மாறு.

இதன் இறுதிக்கட்டத்தில்தான் கர்னலின் நினைவகக் கொலையாளி, அதாவது ஓஓஎம் கில்லர், வந்து அதிக நினைவகம் பிடித்திருக்கும் செயலியை வெட்டிச் சாய்க்கிறது. உலாவி தானாக மூடிக்கொண்டதாகத் தோன்றியது அதனால்தான். 'ஜர்னல்சிடிஎல் -கே' கொடுத்து நினைவகம் தீர்ந்தது என்ற வரியைத் தேடுங்கள், உலாவியின் பெயரோடு கிடைக்கும்.

---

பழுப்புத்தாள்

விளக்கத்துக்கு நன்றி. குறிமுறைப் பக்கங்கள் வெளியேறும் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. அந்த அளவுக்கு என் கூற்றைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எஸ்எஸ்டி பற்றிய கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. ஸ்வாப்பினஸ் மதிப்பை 0 ஆக்கிவிட்டால் கேடு குறையும் அல்லவா?

---

இரவுக்காவல்

ஸ்வாப்பினஸ் என்பது 'எத்தனை சதவீதம் ரேம் நிரம்பினால் ஸ்வாப் தொடங்கும்' என்ற எண் அல்ல. அந்தத் தவறான விளக்கம் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலே சொன்ன இரு வகைப் பக்கங்களில் எதை வெளியேற்றுவது மலிவு என்று கர்னல் எடைபோடும்போது பயன்படுத்தும் தராசு முள் அது. இயல்பு மதிப்பு 60. 100 என்று வைத்தால் இரண்டுக்கும் சம விலை என்று பொருள். கர்னல் 5.8 முதல் 200 வரை வைக்கலாம். ரேமுக்குள்ளேயே சுருக்கிவைக்கும் இசட்ரேம் போன்ற வேகமான ஸ்வாப்புக்கு 100-க்கு மேல் வைப்பது பொருத்தமாக இருக்கும். 0 என்று வைத்தாலும் ஸ்வாப் அணைந்துவிடாது. கடைசி வரை தயங்கிவிட்டு, நெருக்கடி முற்றிய பிறகு ஒட்டுமொத்தமாகத் தள்ளத் தொடங்கும்.

எனக்கு இயல்பு மதிப்பை மாற்றும் காரணம் இதுவரை வந்ததில்லை. எஸ்எஸ்டி தேய்வைப் பொறுத்தவரை, அன்றாட மேசைக்கணினிப் பயன்பாட்டில் ஸ்வாப்புக்குள் போகும் எழுத்து, உலாவி தன் தற்காலிகக் கோப்புகளில் எழுதித் தள்ளுவதோடு ஒப்பிட்டால் கவலைப்படத் தக்கதன்று. ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் அளவுக்கு நிலைமை போனால் அங்கே பற்றாக்குறை ரேமில்.

---

முனையவாசி

மின்மினி, யூயூஐடி பொருந்தாததுதான் நோய். இரண்டாவது வழங்கலை நிறுவியபோது, அதன் நிறுவி வட்டில் ஏற்கனவே ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன் இருப்பதைப் பார்த்து, 'இதையே பயன்படுத்திக்கொள்கிறேன்' என்று எடுத்துக்கொண்டு, புதிதாக எம்கேஸ்வாப் செய்திருக்கிறது. எம்கேஸ்வாப் ஒவ்வொரு முறையும் புதிய யூயூஐடியை உருவாக்கும். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது, கதவு எண்ணை மட்டும் மாற்றிவிட்டார்கள். டெபியன் பழைய எண்ணைத் தேடிக்கொண்டு 90 நொடி தெருவில் நிற்கிறது. அந்த 90 நொடி, துவக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி சாதனங்களுக்குத் தரும் இயல்பான காத்திருப்பு எல்லை.

இரண்டு வழிகள் உண்டு. 'ஸ்வாப்லேபிள் -யூ' என்ற கட்டளையால் பார்ட்டிஷனுக்குள் பழைய யூயூஐடியைத் திரும்ப எழுதிவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் இதே கோளாறு இரண்டாவது வழங்கலுக்கு இடம்பெயரும். ஆகவே டெபியனின் எஃப்எஸ்டேப்பைத் திருத்துவதே முறை.

முதலில் இப்போதைக்கு மட்டும் இயக்கிப் பாருங்கள்: 'சூடோ ஸ்வாப்ஆன் /டெவ்/என்விஎம்இ0என்1பி3'. பிழை எதுவும் வராமல் 'ஸ்வாப்ஆன் --ஷோ' ஒரு வரி காட்டினால் பார்ட்டிஷன் சரி. பிறகு எஃப்எஸ்டேப் கோப்புக்கு ஒரு படி எடுத்துவைத்துவிட்டு, ஸ்வாப் வரியில் பழைய யூயூஐடியை மட்டும் நீக்கிப் புதியதை ஒட்டுங்கள். வரியின் மற்ற பகுதிகள், அதாவது இணைப்புப் புள்ளியாக 'நன்', வகையாக 'ஸ்வாப்', விருப்பமாக 'எஸ்டபிள்யூ', கடைசியில் 0 0 ஆகியவை அப்படியே இருக்கட்டும். சேமித்த பின் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' கொடுத்து, 'சூடோ ஸ்வாப்ஆஃப் -ஏ', 'சூடோ ஸ்வாப்ஆன் -ஏ' என்று அணைத்து மறுபடி இயக்குங்கள். இந்தக் கடைசிக் கட்டளை எஃப்எஸ்டேப்பைப் படித்தே இயங்குவதால், எழுத்துப்பிழை இருந்தால் இங்கேயே, மறுதுவக்கத்துக்கு முன்பே, தெரிந்துவிடும்.

இன்னொரு யோசனையும் உண்டு. யூயூஐடிக்குப் பதிலாகப் பார்ட்யூயூஐடி எழுதலாம். யூயூஐடி பார்ட்டிஷனுக்குள் இருக்கும் தலைப்பில் வாழ்வது, அதனால் எம்கேஸ்வாப் அதை அழித்துவிடும். பார்ட்யூயூஐடியோ ஜிபிடி எனும் பார்ட்டிஷன் அட்டவணையில் இருப்பது. உள்ளே யார் எத்தனை முறை எம்கேஸ்வாப் செய்தாலும் அது மாறாது. அடிக்கடி வழங்கல்களை நிறுவிப் பார்ப்பவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன். 'பிஎல்கேஐடி' கட்டளை இரண்டையும் காட்டும்.

---

நூல்கண்டு

ஓர் எச்சரிக்கை. இந்த இழையைத் தேடி வருபவர்களில் சிலருக்குப் பார்ட்டிஷனில் முத்திரையே இல்லாமல் இருக்கும், அவர்கள் எம்கேஸ்வாப் செய்யத்தான் வேண்டியிருக்கும். அந்த ஒரு கட்டளையில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன்.

எஸ்டிபி1 என்று தட்டவேண்டிய இடத்தில் எஸ்டிஏ1 என்று தட்டிவிட்டேன். எஸ்டிஏ1 என் படங்களும் ஆவணங்களும் இருந்த, ஈஎக்ஸ்டி4 கோப்பு முறை கொண்ட பார்ட்டிஷன். அது இணைக்கப்பட்டிருந்தால், பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லி எம்கேஸ்வாப் மறுத்திருக்கும். என் கெட்ட நேரம், ஐந்து நிமிடம் முன்புதான் அதன் இணைப்பை நீக்கியிருந்தேன். பழைய ஈஎக்ஸ்டி4 முத்திரையைத் துடைப்பதாக ஒரே ஒரு எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு வேலையை முடித்துவிட்டது. அந்த வரியைப் படித்த கணத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

நல்ல வேளையாக நான் ஸ்வாப்ஆன் செய்திருக்கவில்லை. எம்கேஸ்வாப் பார்ட்டிஷன் முழுவதையும் நிரப்புவதில்லை, தொடக்கத்தில்தான் எழுதுகிறது. ஈஎக்ஸ்டி4-இன் முதன்மை சூப்பர்பிளாக் (கோப்பு முறையின் அமைப்பைச் சொல்லும் தலைப்பு) 1024-ஆம் பைட்டில் இருப்பதால் அது போய்விட்டது. ஆனால் ஈஎக்ஸ்டி4 தன் சூப்பர்பிளாக்கின் நகல்களை வட்டின் பல இடங்களில் வைத்திருக்கும். 4 கேபி பிளாக் கொண்ட கோப்பு முறையில் முதல் நகல் 32768-ஆம் பிளாக்கில். 'ஈ2எஃப்எஸ்சிகே -பி 32768' என்று கொடுத்து அந்த நகலிலிருந்து மீட்டேன். ஒரு கோப்புகூடத் தொலையவில்லை. ஸ்வாப்ஆன் செய்து கர்னல் பக்கங்களை எழுதத் தொடங்கியிருந்தால் இதை இவ்வளவு அமைதியாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆகவே எம்கேஸ்வாப்புக்கு முன் எல்எஸ்பிஎல்கே பட்டியலில் அளவையும் வகையையும் இருமுறை பாருங்கள். அப்படி ஓர் எச்சரிக்கை வரி வந்துவிட்டால், அடுத்த கட்டளையைத் தட்டாமல் கையை எடுத்துவிடுங்கள்.

---

மின்மினி27

யூயூஐடியைத் திருத்திவிட்டேன். ஸ்வாப்ஆன் கட்டளை இப்போது பெயர், வகை, அளவு 8ஜி, பயன்பாடு 0பி, முன்னுரிமை -2 என்று ஒரு வரி காட்டுகிறது. ஃப்ரீ கட்டளையிலும் ஸ்வாப் வரி உயிர்பெற்றுவிட்டது. ஓஓஎம் கில்லர் உலாவியை இரண்டு முறை வீழ்த்தியதற்கான பதிவும் ஜர்னலில் கிடைத்தது.

மறுதுவக்கம் செய்தேன், ஒன்றரை நிமிடக் காத்திருப்பு போய்விட்டது. ஆனால் அதற்கும் முன்னால், திரை கறுப்பாக இருக்கும் கட்டத்தில், சுமார் அரை நிமிடம் இன்னும் நிற்கிறது. சஸ்பெண்ட், ரெஸ்யூம் சாதனத்துக்காகக் காத்து ஓய்ந்துவிட்டதாக ஒரு வரி மின்னி மறைகிறது. எஃப்எஸ்டேப்பில் வேறு எங்கும் பழைய எண் இல்லை என்று தேடிப் பார்த்துவிட்டேன். இது எங்கிருந்து வருகிறது?

---

முனையவாசி

பழைய எண் இன்னோர் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. ஹைபர்னேட் செய்யப்பட்ட நினைவகப் பிம்பம் ஸ்வாப்பில்தான் இருக்கும் என்பதால், கோப்பு முறைகளை இணைப்பதற்கு முன்பே, துவக்கத்தின் முதல் கட்டத்தில் ஓடும் சிறு அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ் அந்த ஸ்வாப்பைத் தேடிப்பார்க்கும். அந்தக் கட்டத்தில் எஃப்எஸ்டேப் அதன் கண்ணுக்கே தெரியாது, டெபியனில் '/ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம்' என்ற சிறு கோப்பில் இருக்கும் யூயூஐடியைத்தான் நம்பும். அதைத் திறந்து புதிய எண்ணை எழுதிவிட்டு, 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' கொடுங்கள். கோப்பை மட்டும் மாற்றிவிட்டு இந்தக் கட்டளையைக் கொடுக்காமல் விட்டால் பயனில்லை, ஏனெனில் துவக்கத்தின்போது படிக்கப்படுவது ஏற்கனவே கட்டிவைக்கப்பட்ட பழைய படிதான். கர்னலுக்குத் தரும் துவக்க வரியில் ரெஸ்யூம் என்று ஏதாவது எழுதியிருந்தீர்களானால் அதையும் பாருங்கள்.

நீங்கள் ஹைபர்னேட் பற்றிச் சொன்னதால் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. அன்றாட ஸ்வாப்புக்காக இரண்டு வழங்கல்களும் ஒரே பார்ட்டிஷனைப் பகிர்ந்துகொள்வதில் எந்தத் தவறும் இல்லை, ஒரு நேரத்தில் ஒன்றுதானே ஓடுகிறது. ஹைபர்னேட் செய்தால் கதை வேறு. டெபியனை ஹைபர்னேட் செய்தவுடன் ஸ்வாப்பின் முத்திரை 'எஸ்1சஸ்பெண்ட்' என்று மாறி, உள்ளே உங்கள் முழு அமர்வும் உறங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இரண்டாவது வழங்கலைத் துவக்கினால், அதன் ஸ்வாப்ஆன் இந்த முத்திரையைக் கண்டு, பழைய உறக்கத் தகவல் என்று கருதி, சாதாரண ஸ்வாப் முத்திரையை மேலே எழுதிவிடும். டெபியனின் அமர்வு அத்தோடு தொலைந்தது. ஆனால் அதுகூட அவ்வளவு பெரிய கேடன்று. உறங்கும் டெபியனின் கோப்பு முறையை இரண்டாவது வழங்கலில் இணைத்து எழுதிவிட்டு, பிறகு டெபியனை உறக்கத்திலிருந்து எழுப்பினால், அது தன் நினைவில் இருக்கும் பழைய நிலையை உண்மை என்று நம்பி மேலே எழுதும்; கோப்பு முறையே சிதையும். ஹைபர்னேட் வேண்டும் என்றால் ஒவ்வொரு வழங்கலுக்கும் தனி ஸ்வாப் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவதில் ஸ்வாப் வரியையே எடுத்துவிடுங்கள்.

---

ஒற்றைச்சாளரம்

நடுவில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளவும். என் சிக்கலும் ஸ்வாப்பை இயக்குவதுதான். என்னிடம் ஸ்வாப் பார்ட்டிஷன் இல்லை, வட்டைத் திரும்பப் பிரிக்கவும் மனமில்லை. எனவே 4 ஜிபியில் ஸ்வாப் கோப்பு ஒன்றை உருவாக்கினேன். எஃப்அலோகேட், சிஎச்மாட் 600, எம்கேஸ்வாப் மூன்றும் ஒழுங்காக முடிந்தன. ஸ்வாப்ஆன் மட்டும் 'செல்லாத அளபுரு' என்ற பொருளில் ஒரு பிழையைச் சொல்லி நின்றுவிடுகிறது. இதே கட்டளைகள் அலுவலகக் கணினியில் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடின.

---

இரவுக்காவல்

உங்கள் கோப்பு முறை பிடிஆர்எஃப்எஸ் என்று நினைக்கிறேன். 'டிமெசெக்' பதிவின் கடைசி வரிகளைப் பாருங்கள். ஸ்வாப் கோப்பு நகலெடுத்து எழுதும் முறையில் இருக்கக் கூடாது என்று கர்னலே காரணத்தைச் சொல்லியிருக்கும்.

ஸ்வாப்ஆன் செய்யும் நேரத்தில் அந்தக் கோப்பு வட்டின் எந்தெந்த பிளாக்குகளில் இருக்கிறது என்று கர்னல் குறித்துக்கொண்டு, அதன் பின் கோப்பு முறையைக் கேட்காமல் நேரடியாக அந்த பிளாக்குகளில் எழுதும். பிடிஆர்எஃப்எஸ் எழுதும்போதெல்லாம் தரவைப் புதிய இடத்துக்கு நகர்த்துவது. ஆகவே இந்தக் கோப்புக்கு மட்டும் அந்தக் குணத்தை அணைத்தாக வேண்டும். கர்னல் 5.0-க்கு முன் பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஸ்வாப் கோப்பே இயலாது. இப்போது இயலும், ஆனால் கோப்பு வெறுமையாக இருக்கும்போதே 'சிஎச்ஏடிடிஆர் +சி' கொடுத்திருக்க வேண்டும். நிரப்பிய பிறகு கொடுத்தால் ஏறாது. பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ் என்ற கருவித்தொகுப்பின் 6.1 அல்லது அதற்குப் பிந்தையது உங்களிடம் இருந்தால் இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம்: 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் எம்கேஸ்வாப்ஃபைல் --சைஸ் 4ஜி' என்று எழுதி இறுதியில் கோப்பின் பாதையைக் கொடுத்தால், உருவாக்குவது, அனுமதி அமைப்பது, முத்திரையிடுவது அனைத்தையும் அதுவே செய்யும். அதைத் தனி சப்வால்யூமில் (பிடிஆர்எஃப்எஸ்ஸின் உட்பிரிவில்) வையுங்கள். இயங்கும் ஸ்வாப் கோப்பு உள்ள சப்வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது.

ஈஎக்ஸ்டி4-இல் எஃப்அலோகேட் போதும். வேறு கோப்பு முறைகளில் ஐயம் இருந்தால் 'டிடி' கொண்டு சுழியங்களால் நிரப்புவது மெதுவானது என்றாலும் உறுதியானது. கோப்பில் துளைகள் இருப்பதாக ஸ்வாப்ஆன் முறையிட்டால் அதற்கும் இதுவே தீர்வு. சிஎச்மாட் 600 என்பதைச் சம்பிரதாயம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்: ரேமில் இருந்த கடவுச்சொல்லும் கடிதமும் அந்தக் கோப்புக்குள் வந்து கிடக்கலாம், அது மற்ற பயனர்கள் படிக்கக்கூடியதாக இருக்கலாகாது.

---

ஒற்றைச்சாளரம்

பிடிஆர்எஃப்எஸ்தான். பழைய கோப்பை நீக்கிவிட்டு, தனி சப்வால்யூமில் அந்த ஒற்றைக் கட்டளையால் உருவாக்கினேன். ஸ்வாப்ஆன் ஒரே முறையில் ஏற்றுக்கொண்டது. எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி இருக்கும் இடத்தில் கோப்பின் முழுப் பாதையை எழுதினேன், மறுதுவக்கத்திலும் நிற்கிறது. மிக்க நன்றி.

---

பழுப்புத்தாள்

அளவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இரு மடங்கு இல்லை என்றால் எவ்வளவுதான் வைப்பது? தனி பார்ட்டிஷனுக்கும் கோப்புக்கும் வேகத்தில் வேறுபாடு உண்டா?

---

முனையவாசி

வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை. கர்னல் நேரடியாக பிளாக்குகளில் எழுதுகிறது என்று மேலே சொன்னதே காரணம். உபுண்டு 17.04 முதல் இயல்பாகவே கோப்புக்கு மாறிவிட்டது. கோப்பை அணைத்து, நீக்கி, பெரிதாக உருவாக்குவது இரண்டு நிமிட வேலை என்பதால், அளவைத் தொடக்கத்திலேயே துல்லியமாகக் கணிக்க வேண்டிய பதற்றமும் இல்லை. கோப்பிலிருந்து ஹைபர்னேட் செய்ய மட்டும் அந்தக் கோப்பு வட்டில் எங்கே தொடங்குகிறது என்பதையும் துவக்க வரியில் சொல்லவேண்டியிருக்கும். அங்கே பார்ட்டிஷன் எளிது.

அளவுக்கு ரெட் ஹேட் ஆவணங்கள் தரும் வழிகாட்டல் ஏற்புடையது: ரேம் 2 ஜிபி வரை இருந்தால் இரு மடங்கு, 2 முதல் 8 ஜிபி வரை ரேமின் அளவே, அதற்கு மேல் 64 ஜிபி வரை குறைந்தது 4 ஜிபி. ஹைபர்னேட் வேண்டுமென்றால் இவற்றைவிடக் கூடுதல். மின்மினியின் 8 ஜிபி, ஹைபர்னேட்டைச் சேர்க்காத கணக்கில் வந்துவிடுகிறது.

மின்மினி, இனி ஃப்ரீ கட்டளையில் ஸ்வாப்பில் சில நூறு எம்பி நிரம்பியிருப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். தூங்கும் பக்கங்கள் அங்கே கிடப்பது நல்லதே. 'விஎம்ஸ்டாட் 1' கொடுத்து எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரு நெடுவரிசைகளைப் பாருங்கள். எஸ்ஐ ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது, எஸ்ஓ ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது. முதல் வரி கணினி துவங்கியதிலிருந்தான சராசரி, அதை விட்டுவிடுங்கள். அதன் பிறகு வரும் வரிகளில் இரண்டு நெடுவரிசைகளும் நொடிக்கு நொடி பெரிய எண்களாகவே நீடித்தால் மட்டுமே தொல்லை.

---

மின்மினி27

ரெஸ்யூம் கோப்பில் பழைய 2 என்று தொடங்கும் எண்ணே இருந்தது. மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, இரண்டு முறை மறுதுவக்கம் செய்து பார்த்தேன்; கறுப்புத் திரையில் நிற்கவே இல்லை. இரண்டாவது வழங்கலின் எஃப்எஸ்டேப்பில் ஸ்வாப் வரியின் முன் # இட்டுவிட்டேன், ஹைபர்னேட் எனக்கு டெபியனில் மட்டும் போதும். டெபியனில் அந்த வரியைப் பார்ட்யூயூஐடிக்கும் மாற்றிவிட்டேன்.

இன்று வழக்கம்போல உலாவியையும் மெய்நிகர் கணினியையும் சேர்த்து ஓட்டினேன். ஸ்வாப்பில் 1.3 ஜிபி ஏறியது. ஏறிய அந்தச் சில நொடிகளில் எஸ்ஓ நெடுவரிசையில் ஐந்திலக்க எண்கள் ஓடின, பிறகு இரண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிட்டன. எஸ்ஐ மட்டும் நான் பழைய தாவல்களுக்குப் போகும்போது ஒரு வரி எட்டிப்பார்த்துவிட்டு அடங்குகிறது. உறைதல் இல்லை. இழையைத் தீர்ந்ததாகக் குறிக்கிறேன்.